ஏழாவது வரி

அவன் கடிதத்தை ஜன்னல் வெயிலில் தூக்கிப் பிடித்தான்.

கறுப்பு.

மேலே 'அன்புள்ள காசிக்கு' என்று இருந்தது. அடியில் 'இப்படிக்கு, சிப்பாய் ஏகாம்பரம்' என்று இருந்தது. இடையில் இருபத்திரண்டு வரி. இருபத்திரண்டும் மையால் பட்டையாக அடிக்கப்பட்டிருந்தன.

எழுபத்தொன்றாம் வருடப் போரின்போது ராஜஸ்தான் எல்லையிலிருந்து அவனுடைய மாமனார் ஏகாம்பரம், மாமியார் காசிக்குப் போட்ட கடிதம்.

அவன் அதைத் தேடி வரவில்லை. ஒரு கவர் கிடைக்குமா என்றுதான் மாமனாரின் டிரங்குப் பெட்டியைத் திறந்தான். விடுதியில் படிக்கும் மகளுக்கு இன்றைக்காவது எழுதிவிட வேண்டும்.

பவானி இறந்து ஏழு மாதம். அவனுக்கு மனைவி, இந்த வீட்டுக்கு ஒரே பெண்.

இந்த ஏழு மாதத்தில் அந்தப் பன்னிரண்டு வயதுக்கு அப்பாவிடமிருந்து ஒரு வரி போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் 'சாப்பிட்டியா' என்பான். 'சாப்பிட்டேன்' என்பாள். மீதி ஒன்பது நிமிடமும் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

பேனா எடுத்தால் 'அன்புள்ள தாரணி' வரை வரும். அதற்குமேல் வராது.

மாமனாருக்கு அப்படியொரு கஷ்டம் வந்ததே இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அவன் கேட்ட கதை அது.

"நான் எழுதனத படிச்சிட்டு ஆபீசரு தேம்பித் தேம்பி அழுதாரு மாப்ளே. இது வெளிய போனா பட்டாளமே பொண்டாட்டியப் பாக்க ஊருக்குக் கெளம்பிடும்னு, அவரே ஒக்காந்து அடிச்சாரு. என் ஒரு லெட்டருக்கு மூணு புட்டி மை. பதிமூணு நாள்ல சண்ட நின்னுச்சே, எதனாலன்னு நெனச்சே? மை தீந்துபோச்சு."

கதை மாறாது. மை மட்டும் வருடத்துக்கு அரைப் புட்டி ஏறும்.

மாமியாரின் பதிலும் மாறாது. விளக்கேற்றும்போதெல்லாம் அந்த முகம் தெரியாத ஆபீசருக்கு ஒரு சாபம்.

"அடிச்சவன் கை வெளங்காமப் போவ!"

அப்போதெல்லாம் ஏகாம்பரம் வலக்கையைத் துண்டுக்குள் இழுத்துக்கொள்வார்.

பவானி போன பிறகு கதையும் நின்றது. சாபமும் நின்றது.

கை ஏன் துண்டுக்குள் போனது என்பது அவனுக்கு இப்போதுதான் தெரிந்தது.

மைக்கு அடியில் எழுத்தே இல்லை. ஒரு புள்ளிகூட இல்லை.

திரும்பினான். கதவருகில் மாமனார். கண்ணாலேயே கும்பிட்டார்.

அவருக்குப் பின்னால் மாமியார், கையில் முறத்தோடு.

"இன்னா தேடறீங்க மாப்ள? ஒண்ணும் இருக்காது. வந்த அன்னிக்கே வெயில்ல புடிச்சுப் பாத்துட்டேன்."

ஏகாம்பரம் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"அடிப்பாவி! தெரிஞ்சுகினேவா அம்பது வருசமா எங் கைய சபிச்சே?"

"பின்ன? ஒரு வரி எழுத வராத கைதான அது." முறத்தில் ஒரு தட்டு தட்டினார். "ஆனா பட்டையப் பாருங்க மாப்ள. ஸ்கேல் வெச்ச மாதிரி. குண்டு வுழற எடத்துல ஒக்காந்துகினு ஒரு மனுசன் இருபத்ரெண்டு வரி அடிச்சிருக்கான். அவ்ளோ நேரமும் வேற யார நெனச்சிருப்பான்?"

போரில் எங்கும் அடிபடாத சிப்பாய்க்கு, எழுபத்தாறு வயதில் இரண்டு காதும் சிவந்தன.

அவன் மேசைக்கு ஓடினான்.

ஓடினான் என்றால், நிஜமாகவே ஓடினான். முறத்தில் இருந்த உளுந்து பாதி தரைக்கு வந்தது.

'அன்புள்ள தாரணி, நலம். நன்றாகச் சாப்பிடு.'

அதற்குக் கீழே பட்டை போடத் தொடங்கினான். ஒன்று. இரண்டு.

மூன்றாவது பட்டைக்கு முன்னால் கை தானாக எதையோ எழுதியது. பதறிப்போய் அடித்தான். நான்காவதிலும் எழுதியது. அடித்தான்.

எப்படியும் அடிக்கத்தானே போகிறோம் என்று தெரிந்ததும் கைக்குப் பயம் விட்டுப்போயிற்று. பதினெட்டு வரி.

ஏழாவதை மட்டும் இரண்டு முறை அடித்தான்.

எட்டாம் நாள் பதில் வந்தது.

'அப்பா, வார்டன் மிஸ்தான் முதல்ல பிரிச்சாங்க. ஜன்னல்கிட்ட நின்னு வெயில்ல பிடிச்சுப் பார்த்தாங்க. கண்ணு வலிக்குதுன்னு என்கிட்டயே குடுத்துட்டாங்க. நான் எல்லாம் படிச்சிட்டேன். முதல் ரெண்டு வரியில ஒண்ணுமே இல்ல. அதுவும் புரிஞ்சுது. ஏழாவது வரி மட்டும் தெரியல. அதை மறுபடி எழுதுங்க. அடிக்காம.'

அதற்குக் கீழே பக்கம் முழுக்கப் பட்டை.

ஸ்கேல் வைத்த மாதிரி.

செருப்பைத் தேட நேரமில்லை. மொட்டை மாடித் தரை கொதித்தது. ஒரு கால் மாற்றி ஒரு கால் நின்றுகொண்டு கடிதத்தைச் சூரியனுக்கு நேராகப் பிடித்தான்.

முதல் பட்டைக்கு அடியில் எழுத்து இருந்தது.

இரண்டாவதிலும் இருந்தது!

மூன்றாவதில் 'அம்மா' வரைக்கும் வந்தான்.

ஒரு மேகம், வானத்தில் அவ்வளவு இடம் இருக்க, சூரியன்மேல் போய் உட்கார்ந்தது.

"இந்த மேகம் வெளங்காமப் போவ!"

ஏழு மாதத்தில் அவன் குரல் அவ்வளவு உயரம் போனதில்லை. பக்கத்து மாடி வடகத்தை நோட்டம் விட்டுக்கொண்டிருந்த காக்கை எழுந்து பறந்தது.

கீழே எட்டிப் பார்த்தான்.

முற்றத்தில் மாமியார் அண்ணாந்து நின்றிருந்தார், வாயைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டு.

பக்கத்தில் ஏகாம்பரம், பழக்கத்தில், வலக்கையைத் துண்டுக்குள் இழுத்துக்கொண்டிருந்தார்.