தரையில் அடிக்காத கை

சுவாமிதாஸ் மறுபடியும் பொத்தென்று மல்லாக்க விழுந்தார். நெற்றியில் ஏழு தையல் போட்ட தழும்பு வேர்வையில் பளபளத்தது.

"கை சேட்டா, கை," என்றான் வினீத். சாலை பஜாரில் அரிசிக் கிட்டங்கிக்கு மேலே உள்ள ஹாலில் ஜூடோ சொல்லிக்கொடுப்பவன். விழும்போது இரண்டு கையையும் விரித்துத் தரையில் ஓங்கி அடிக்க வேண்டும். அப்போதுதான் முதுகில் விழுகிற அடி சிதறும். பத்து வயதுப் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே படித்துவிடுவார்கள். இந்த மனிதர் மூன்று மாதமாக இரண்டு கையையும் நெஞ்சோடு கட்டிக்கொண்டேதான் விழுகிறார்.

கீழே அதே கிட்டங்கியில் மூட்டை சுமப்பவர். சேர்ந்த அன்று நெற்றியில் தையல் பிரித்திருக்கவில்லை. யார் அடித்தது என்று வினீத் கேட்டதற்கு, வீட்டுப் படியில் விழுந்ததாகச் சொன்னார். அடி வாங்கிய எவனும் சொல்வது அதைத்தான்.

சுமட்டுக்காரர்களுக்குள் ஏதோ தகராறு, திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறார் என்று வினீத் முடிவுகட்டினான். ஜூடோ ஆளை அடிக்க இல்லை, தன்னைத் திருத்திக்கொள்ள என்று அரைமணி நேரம் பிரசங்கம் செய்தான். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஆனால் ஆளைத் தூக்கிப் போடும் பிடி ஒன்றுகூட வேண்டாமாம். மல்லாக்க விழப் படித்தால் போதுமாம். அதையாவது சொன்னபடி செய்தால்தானே.

இன்று வினீத்துக்குப் பொறுமை அற்றுப்போனது.

"இனி என்னால ஆகாது சேட்டா. இப்பிடி விழுந்தா முதுகு ஒடியும், பழி எந்தலையில வரும். நாளையிலேருந்து வர வேண்டாம்."

சுவாமிதாஸ் எழுந்து உட்கார்ந்தார். முகம் சுண்டிவிட்டது.

"அப்பிடிச் சொல்லாதீங்க மாஸ்டர். எனக்கு இது படிச்சே ஆகணும். அடுத்த மாசம் மழை தொடங்கீரும்."

"மழைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? பின்னே சொன்னதக் கேக்கணும்லா? அந்தக் கைய விரிச்சா கொறஞ்சா போவீங்க?"

சுவாமிதாஸ் காய்த்துப்போன தன் கைகளைப் பார்த்தார்.

"எம்மகளுக்கு நடக்க வராது மாஸ்டர். தெனமும் அந்தப் படியில நான்தான் தூக்கிட்டு எறங்குகேன். கைய விரிச்சா அவ கீழ போயிருவா."