பத்தரை முதல் பன்னிரண்டு

கவரை அவர் பிரிக்கவில்லை.

சட்டைப் பையில் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

"பன்னெண்டு மணிக்கு மேல பாத்துக்கலாம். இப்ப கூட்டமா இருக்கு."

ரத்தப் பரிசோதனை அறையின் வாசலில் அவளையும் அவரையும் சேர்த்து நான்கு பேர். ஆயிரம் தலைக்குக் குறைந்தால் அதைக் கூட்டம் என்றே ஒத்துக்கொள்ளாத மனிதர்.

அவள் சுவரில் இருந்த கடிகாரத்தையும் காலண்டரையும் பார்த்தாள். மணி பத்து நாற்பது.

வெள்ளிக்கிழமை.

ராகு காலம்.

அவள் கணவர் 'சொற்புயல்' வேம்பையன். முப்பது வருடமாக ஊர் ஊராகப் பகுத்தறிவு மேடைகளில் ராகுவைக் கூண்டில் ஏற்றி விசாரித்தவர். எமகண்டத்தைச் சோடாவோடு சேர்த்துக் குடித்தவர்.

அவர்கள் கல்யாணமே ராகு காலத்தில்தான். வேண்டுமென்றே. அன்று மாலையைப் பிடித்திருந்த அவள் கை நடுங்கியது. அவர் நாற்பது நிமிடம் பேசினார், தன் கல்யாணத்தில்.

இன்று நடுங்குவது அவர் சட்டைப் பை.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பிரமிப்பாக இருந்தது.

காலையில் அவளிடம் எடுத்தது ஒரு சின்னக் குழாய் ரத்தம். குழந்தைக்குப் புகட்டும் பாலாடைக்குக் காணாது. மார்பை எடுத்து இரண்டு வருடம் ஆன பிறகும், உடம்பின் ஏதோ ஒரு மூலையில் அந்தப் புற்று மறுபடி தலையெடுத்தால் அந்த ரத்தம் துப்புக் கொடுக்குமாம். மார்க்கர் என்று பெயர். முப்பதுக்குள் இருந்தால் நல்லது. போன தடவை முப்பத்தெட்டு. அதற்கு முன் முப்பத்திரண்டு.

"ஒரு நம்பரை வச்சு எதுவும் சொல்ல முடியாதும்மா. இந்தத் தடவையும் ஏறியிருந்தா ஸ்கேன் பண்ணிப் பாத்துடலாம்" என்றிருந்தார் டாக்டர்.

எதிர்க்கட்சி, போலீஸ், அடைமழை எதுவும் நிறுத்த முடியாத வாய். அதை அந்தச் சின்னக் குழாய் நிறுத்தியிருந்தது.

மற்ற இருவரையும் உள்ளே கூப்பிட்டார்கள். போனார்கள்.

இப்போது கூட்டமும் இல்லை. அவர் காலண்டரைப் பார்த்தபடி இருந்தார்.

அவர் பையிலிருந்து கவரை அவளே எடுத்தாள்.

"நம்ம கல்யாணம் இந்த நேரத்துலதானங்க நடந்துச்சு. என்ன கெட்டுப்போச்சு?"

கிழித்தாள்.

அவர் தாளைப் பார்க்கவில்லை. அவள் முகத்தையே பார்த்தார். எந்தத் தேர்தல் முடிவுக்கும் அவர் அப்படிக் காத்திருந்ததில்லை.

அவள் விரல் ஆங்கில எழுத்துகளைத் தாண்டித் தாண்டிப் போய் ஓர் எண்ணில் நின்றது.

"இருபத்தாறு."

அவர் எழுந்தார்.

தொண்டையைச் செருமினார். வாயைத் திறந்தார்.

இரண்டு கைகளும் மெல்லக் குவிந்தன.

கூட்டத்தைக் கும்பிடும் மேடைப் பழக்கம் என்று நினைத்தாள்.

எதிரே அவள் மட்டும்தான் உட்கார்ந்திருந்தாள்.