கட்டெறும்பு இன்னும் உள்ளே

"பிளக்கைப் புடுங்குங்கன்னா..."

"கையை எடு! இன்னும் நிக்கல..."

"அதான் 'மூடப்பட்டது'ன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கே! எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு?"

"கடைக்கு ஷட்டரை இறக்கிட்டா உள்ள ஆளே இல்லன்னு அர்த்தமா? நீ டேப்லெட்ல சமையல் வீடியோ பாக்குற ஆளு. உனக்கு இதெல்லாம் புரியாது, விடு."

மனைவி சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். அவளாவது, பதில் சொல்லாமல் இருப்பதாவது என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

வாசலில் பள்ளிக்கூட வேன் மறுபடி ஹார்ன் அடித்தது. மகனின் கட்டிலுக்கடியில் ஓயாமல் முனகிக்கொண்டு கிடந்த கம்ப்யூட்டரை, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் படிக்கட்டும் என்று அந்த வேனில் கொடுத்தனுப்புவதாக ஏற்பாடு. அதற்கு முன், வெளியாட்களும் இணையத்தில் வந்து ஆடுவதற்காக அதில் ஓடும் கேம் சர்வரை நிறுத்தி, விளையாட்டுக்குள் மகன் கட்டிய ஊரைச் சேதாரமில்லாமல் நகலெடுத்து அவனுக்கு அனுப்பவேண்டும்.

மகனுக்கு இப்போது வெளியூரில் வேலை. போன் ஸ்பீக்கரில் காத்திருந்தான்.

"அப்பா, அம்மா பேச்சைக் கேட்டு அவசரப்பட்டுடாதீங்க."

அவசரப்பட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாதா? முன்பொருமுறை திரையில் வந்த எழுத்தை நம்பி பிளக்கைப் பிடுங்கியவரே அவர்தான். சர்வர் உள்ளுக்குள் இன்னும் ஊரைச் சேமித்துக்கொண்டு இருந்திருக்கிறது. பாதி ஊர் போயே போய்விட்டது.

விபத்தில் இடுப்பு உடைந்தபோது அழாத பையன், அன்றைக்குச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு அழுதான்.

அதிலிருந்து அவர் திரையை நம்புவதில்லை. கம்ப்யூட்டரில் என்னென்ன ஓடுகிறது என்ற பட்டியலைத் திறந்துவைத்துக்கொண்டு, சர்வரின் பெயர் அங்கிருந்து மறைகிறதா என்று பார்ப்பார். பெயர் மறைந்தால்தான் நின்றதாகக் கணக்கு.

இன்று பெயர் மறைவேனா என்றது.

கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, ஓரத்தில் வந்திருந்த வரியைப் படித்தார். புதிதாக யாரும் நுழைய முடியாது. ஆனால் உள்ளே இருப்பவர் கிளம்புகிறவரை சர்வர் காத்திருக்குமாம். உள்ளே ஒரே ஒருவர். பெயர், கட்டெறும்பு.

"டேய், உன் கட்டெறும்பு உள்ள இருக்கான்டா!"

போனில் மகன் குரல் உயர்ந்தது. "நெஜமாவாப்பா? நான் நல்லா நடக்க ஆரம்பிச்சதும் வராமப் போனவன்ப்பா அவன்."

கட்டெறும்பு யார், எந்த ஊர், ஒன்றும் தெரியாது. விபத்துக்குப் பிறகு மகன் யாரோடும் பேசாமல் சுருண்டு கிடந்த நாட்களில் எங்கிருந்தோ விளையாட்டுக்குள் வந்து சேர்ந்தவன். எழுதினால் வரிக்கு வரி பிழை. சுவர் வைத்தால் கோணல். ஆனால் ஊர்க்கதவின் பூட்டை மட்டும் தன் கையில் வைத்துக்கொண்டான்.

எழுந்து நாலடி நட, திறக்கிறேன் என்பான்.

நடக்காமலே நடந்துவிட்டேன் என்று மகன் அளந்துவிட்டால், எப்படியோ கண்டுபிடித்துவிடுவான். உண்மையாகவே நடந்தால் மறுநொடி கதவு திறக்கும்.

டாக்டர் அதட்டியும் அப்பா கெஞ்சியும் தரையில் படாத கால், அந்தப் பாழாய்ப்போன கதவுக்காகப் பட்டது. நாலடி, பிறகு ஜன்னல்வரை, பிறகு வாசல்வரை.

"அடுப்புல பால் வச்சிருக்கேன்" என்று அவள் நழுவப் பார்த்தாள்.

அவர் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். "பொங்கினா பொங்கட்டும். நம்ம புள்ளையை நமக்குத் திருப்பிக் குடுத்தவன்டி. ஒரு வார்த்தை சொல்லாம அனுப்பலாமா? நீயும் பக்கத்துல நில்லு."

அவள் நின்றாள்.

அவர் மற்றக் கையின் ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினார். 'தம்பி, நீ யார் பெத்த பிள்ளையோ. எங்க வீடு மறுபடி வீடா இருக்குன்னா அது உன்னாலதான். நீ நல்லா இருக்கணும்ப்பா.'

அனுப்பினார். 

சமையலறையில் 'டிங்' என்றது.

திரும்பிப் பார்த்தார். மேடையில் எண்ணெய்த் தூக்கின்மேல் சாய்த்துவைத்த அவளுடைய டேப்லெட். பக்கத்தில் அவசரமாகக் கழற்றிவைத்த மூக்குக்கண்ணாடி. திரையில், கோணல் சுவருக்கு நடுவே அந்த ஊர்க்கதவு, பூட்டில்லாமல் திறந்து கிடந்தது.

அவள் விரலை உதட்டின்மேல் வைத்து, கண்ணால் போனைக் காட்டினாள்.

பிடித்திருந்த மணிக்கட்டை அவர் விட்டார்.

அவள் போய், அடுப்பை அணைத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அவர் எழுதியதைப் படித்தாள். மூன்று வரிதான். படித்துக்கொண்டே இருந்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, திரையில் 'வெளியேறு' என்றிருந்ததை மெல்லத் தொட்டாள்.

பட்டியலிலிருந்து சர்வரின் பெயர் மறைந்தது. கட்டிலுக்கடியில் முனகல் தணிந்தது.

அவருக்குத்தான் பட்டியல் கலங்கித் தெரிந்தது.

"அப்பா, கட்டெறும்பு போயிட்டானா? ஏதாவது சொல்லிட்டுப் போனானாப்பா?"