நான்காவது அறை

“கதவை வெளிப்பக்கம் பூட்டற மாதிரி இருக்கணும்மா. சாவி எங்ககிட்டதான் இருக்கும்” என்றார் ஆழ்வார்.

சுசித்ராவின் விரல்கள் கம்ப்யூட்டரில் அப்படியே நின்றன. மைசூர் விஜயநகரில் இருக்கும் அந்த டிராவல்ஸ் ஆபீசில் எட்டு மாதமாக வேலை பார்க்கிறாள். கொச்சியில் நிற்கும் உல்லாசப் படகுகளை வாடகைக்குப் பிடித்துக் கொடுப்பதுதான் அவள் வேலை. தேனிலவு ஜோடிகள் தாழ்ப்பாள் கேட்டதுண்டு, அதுவும் உள்பக்கம். வெளிப்பக்கம் பூட்டு கேட்ட முதல் ஆள் இவர்தான்.

“எத்தனை பேருன்னு இன்னொரு தரம் சொல்லுங்க சார்.”

“எனக்கு அறுபது முடியறது. அதுக்காகப் பையன் மூணு நாள் கடல்ல கூட்டிண்டு போகணுங்கறான். நானும் இவளும், பையன், மாட்டுப்பொண். விருந்தாளின்னா சம்பந்தி ரெண்டு பேர்.”

“ஆறே பேர்தானுங்களே. மூணு ரூம் படகு தாராளமாப் போதும். நாலு ரூம் படகு ரொம்பப் பெருசுங்க, வாடகை தண்டம்.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி பங்கஜவல்லி குறுக்கிட்டாள். “நாலாவது ரூம் அவருக்கு. அவரை ஆத்துல தனியா விட்டுட்டு நாங்க ஒருநாள்கூட வெளியூர்ல தங்கினதில்ல.”

“அவருன்னா... சாரோட அப்பாவுங்களா?”

“அப்பான்னே வெச்சுக்கோ” என்றாள் பங்கஜவல்லி.

அந்தப் பதில் சுசித்ராவுக்குச் சரியாகப் படவில்லை. இருந்தாலும் படிவத்தில் ஏழாவது வரிக்கு வந்தாள். படகில் ஏறும் ஒவ்வொருவர் பெயரும் அதில் இருந்தாக வேண்டும். கீழே அவளே கையெழுத்துப் போட வேண்டும்.

“அவரு பேரு, வயசு, ஆதார் நம்பர் குடுங்க.”

“அவரை அதுல எழுத வேண்டாம்மா. ஆதாரெல்லாம் கிடையாது. வயசும் யாருக்கும் தெரியாது” என்றார் ஆழ்வார்.

பட்டியலில் இல்லாத ஆள் நடுக்கடலில் காணாமல் போனால், தேடக்கூட ஒருவரும் வரமாட்டார்கள்.

“ரூம்ல கட்டில் பெருசாவே இருக்குதுங்க” என்றாள் ஈனசுரத்தில்.

“கட்டில் வேண்டாம். ஒரு ஓரமா எடம் இருந்தாப் போதும்.”

“அலை அடிச்சா உருண்டுடுவாரேன்னா” என்று பங்கஜவல்லி கவலைப்பட்டாள்.

“துணியால இறுக்கிக் கட்டிடலாம். கார்ல போறச்சே கட்டறமே, அதே மாதிரி.”

ஊறுகாய் ஜாடியைப் பார்சல் கட்டுவது போல இருவரும் சாவகாசமாகப் பேசிக்கொண்டார்கள். ஏசி ஓடியும் சுசித்ராவின் முதுகு நனைந்துவிட்டது. கைகால் கட்டிய ஒரு கிழவர், பூட்டிய அறையின் மூலையில் கிடப்பது கண்முன்னே வந்து நின்றது.

“அவரு குளிக்கறதுக்கு, சாப்பிடறதுக்கெல்லாம் படகு ஆளுங்க ஒத்தாசை பண்ணுவாங்க...”

“கூடவே கூடாது. எல்லாம் நாங்களே பாத்துப்போம். படகுக்காரா ஒருத்தரும் அந்த ரூம் பக்கம் வரப்படாது” என்றார் ஆழ்வார் கண்டிப்பாக.

“கடலைப் பாத்து அவரு பயந்துக்க மாட்டாருங்களா?”

“கடல் அவருக்குப் புதுசில்லம்மா” என்று சொல்லிவிட்டு ஆழ்வார் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவே இல்லை.

படகுப் படங்கள் எடுத்து வருவதாகச் சொல்லி உள்ளே போய், மேனேஜர் மனோஜ்குமாருக்குப் போன் செய்தாள். அவள் சொன்னதை அவர் பாதிகூடக் கேட்கவில்லை.

“நாலு ரூம் படகு போறதே வருஷத்துல ரெண்டு தடவை. சும்மனே ஏதாவது கேட்டு பார்ட்டியை ஓட்டிடாதே. ஆறு பேர் எழுதி சைன் பண்ணிக் குடு. இல்லேன்னா நாளைக்கு நீ வர வேண்டாம். ஆய்த்தா, புரிஞ்சுதா?”

போன் கட் ஆனது.

இந்தச் சம்பளத்தை நம்பித்தான் சொந்த ஊரான ஹனூரில் சுசித்ராவின் வீடே ஓடுகிறது. ஆனால் கையெழுத்துப் போட்டுவிட்டு இனி எந்த ராத்திரி தூங்குவது? முகம் தெரியாத அந்த மனிதருக்கு இப்போது இருக்கும் ஒரே ஆள் தான்தான் என்று தோன்றியதும் பயம் இன்னும் கூடியது.

செல்போனில் போலீஸ் அவசர எண் 112-ஐ அழுத்தி, அழைக்கும் பொத்தான் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டே நாற்காலிக்குத் திரும்பினாள்.

“என்னம்மா, படகு கிடைக்குமா?” என்றார் ஆழ்வார்.

“கிடைக்குமுங்க. ஆனா நான் புக்கிங் போட மாட்டேன்.” நிமிர்ந்து உட்கார்ந்தாள். “எம்பட வேலை போனாலும் போகுதுங்க. இப்பவே உங்க வீட்டுக்குப் போன் போட்டு அவருகிட்டக் குடுக்கச் சொல்லுங்க. இஷ்டப்பட்டுத்தான் வர்றேன்னு அவரு வாயால ஒரே ஒரு வார்த்தை சொல்லட்டும். அப்பத்தான் கையெழுத்துப் போடுவேன்.”

ஆழ்வார் மனைவியைப் பார்த்தார். மனைவி அவரைப் பார்த்தாள். சுசித்ராவின் கட்டைவிரல் பொத்தானைத் தொட்டது.

பங்கஜவல்லி ஒரு பெருமூச்சு விட்டாள்.

“இவர் நாப்பது வருஷமா பூஜை பண்றார்மா, எங்காத்துப் பெருமாள் இவர்கிட்டயே இன்னும் ஒரு வார்த்தை பேசலையே.”