டீச்சரின் தொண்டை

ஹெட்மாஸ்டரின் செருப்புச் சத்தம் கேட்டதும் டீச்சரின் கை தானாகத் தொண்டைக்குப் போனது.

"என்ன டீச்சர், குரல் வந்துச்சா?"

டீச்சர் முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு உதட்டைப் பிதுக்கினார்.

பச்சைப் பொய். குரல் ஞாயிற்றுக்கிழமையே வந்துவிட்டது. வீட்டுக்காரரை ஒரு பாட்டம் திட்டியும் பார்த்தாயிற்று. "அப்பாடா, சரியாயிடுச்சு" என்று அந்த மனுஷனும் சந்தோஷப்பட்டார்.

பள்ளிக்கூடத்துக்கு மட்டும் டீச்சர் அதை எடுத்துவரவில்லை.

இரண்டு வகுப்புப் பிள்ளைகளை ஒரே அறையில் அடைத்துவைத்து, வருஷம் பூராவும் ஒற்றை ஆளாகக் கத்திக் கத்தி, ஒருநாள் பாதிப் பாடத்தில் குரல் கழன்று விழுந்தது. செங்கல் சுமக்கிறவருக்காவது வழியில் சுமையை இறக்கிவைக்க ஓர் இடம் உண்டு. டீச்சருக்கு மதியச் சாப்பாடுகூட நின்றுகொண்டேதான். வீட்டில் சொந்த மகன் "அம்மா" என்றாலும் திரும்பிப் பார்க்கத் தெம்பிருக்காது. வேலையே வேண்டாம், விட்டுவிடலாம் என்று பல நாள் நினைத்ததுண்டு.

குரல் போனபிறகுதான் அதில் ஒரு வகுப்பை ஹெட்மாஸ்டர் தன் தலையில் போட்டுக்கொண்டார். குரல் வந்த அன்றே திருப்பி அனுப்புவதாகப் பேச்சு.

அதனால் டீச்சர் வகுப்பில் வாயே திறக்கவில்லை. கரும்பலகை, கை, கண், புருவம், இவ்வளவை வைத்தே பாடம் ஓடியது. அவர் சத்தம் போடாததால் பிள்ளைகளும் ரகசியம் பேசுவதுபோல் படித்தார்கள். ராத்திரி தூக்கம் வந்தது. சாப்பாடு ருசித்தது. மகனோடு பந்துகூட விளையாடினார்.

இப்போது ஹெட்மாஸ்டரின் குரலே கம்மத் தொடங்கியிருந்தது. நேராக முதல் பெஞ்சுக்கு வந்தார். அங்கே இருந்தவள் ரேடியோ. காதில் விழுந்ததையெல்லாம் ஊருக்கே ஒலிபரப்புவதால் வந்த பட்டப்பெயர்.

"நீ சொல்லும்மா. டீச்சர் பேசறாங்களா, இல்லையா?"

டீச்சர் அவசரமாகக் கரும்பலகைப் பக்கம் திரும்பி, எழுதியதையே மறுபடி எழுதினார்.

ரேடியோ எழுந்து நின்றாள். "எங்க சார் பேசறாங்க? காத்துதான் வருது. பாவம் சார். இன்னும் நாளாகும்."

பெரிய டாக்டர் மாதிரிச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். "ஆமா சார்" என்றது மொத்த வகுப்பும்.

"இனி தாங்காது. இன்னொரு ஆள் கேட்டு மேலே எழுதிட வேண்டியதுதான்" என்று தன் தொண்டையைத் தடவிக்கொண்டே ஹெட்மாஸ்டர் நடையைக் கட்டினார்.

டீச்சருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பிள்ளைகள் நம்பிவிட்டார்கள், நல்லவேளை.

ரேடியோ மெதுவாக மேசைக்கு வந்து அவர் காதோரம் குனிந்தாள்.

"டீச்சர், தினமும் காலையில ஸ்கூல் குழாய்கிட்ட நின்னு பாடறீங்கல்ல? ரொம்ப நல்லா இருக்கு. கொஞ்சம் மெல்லப் பாடுங்க. எங்க எல்லாருக்கும் கேக்குது."

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார்.

கடைசி பெஞ்சுவரைக்கும், ஒவ்வொரு வாய்மேலும் ஒரு விரல் இருந்தது.