ஏரி வற்றிய ஏடு

ஆய்வக உதவியாளன் வேதநாயகம் பாறைத் துண்டைக் கீழே போட்டுவிட்டான். மறு கையில் இருந்த டீயை மட்டும் சிந்தாமல் காப்பாற்றினான். ஆதிகால ஏரியின் அடிச்சேறு இறுகி உண்டான எண்ணெய்ப் பாறை அது. ஏடு ஏடாகப் பிளந்து விரிந்தது. அந்த ஏரி ஒருபோதும் வற்றியதில்லை என்று குழலி ஆறு வருடம் உழைத்து எழுதிய ஆய்வுக்கு நாளை வாய்மொழித் தேர்வு. பிளந்த ஏட்டிலோ, சேறு காய்ந்தால் மட்டுமே விழும் வெடிப்புகள். அவற்றுக்குள் கடுகைவிடச் சிறிய நீர்ப்பூச்சிகள், கடைசி ஈரத்துக்கு முண்டியடித்து ஒன்றன்மேல் ஒன்றாகக் கல்லாகியிருந்தன.

பிடிபட்ட சாட்சியின் வாயைப் பொத்துவதுபோல இரண்டு பாதிகளையும் சேர்த்து அமுக்கினான்.

"என்னடா ஒளிக்கிற?" குழலி பின்னால் வந்து நின்றாள்.

"ஒண்ணுமில்லக்கா. பசை போட்டு ஒட்டிட்டா யாருக்கும் தெரியாது. போன வருசம் மைக்ரோஸ்கோப்பையே ஒட்டுனவன் நான்."

குழலி சிரிக்கவில்லை. பாதிகளைப் பிடுங்கி, லென்ஸோடு குனிந்தவள் நிமிரவே இல்லை. டீ ஆறி ஆடை கட்டியது.

"ஒட்டிடவாக்கா?" மறுபடி மெல்லக் கேட்டான்.

அவள் விரல்நுனி அந்தப் பூச்சிகளின்மேல் இருந்தது.

"வேணாம். ஏரி வத்தியிருக்குடா. நான் எழுதினதுதான் தப்பு."