ஒரு விரல்

ஹெட்போனை மாட்டும்போது ராஜூவின் காது வியர்த்திருந்தது.

"பயந்துக்காத ராஜூ. ரெண்டு சத்தம் வரும். ஒரே மாதிரி கீதுன்னா ஒரு வெரலு, வேற வேறன்னா ரெண்டு வெரலு. அவ்ளோதான்" என்றார் மேஸ்திரி மணி, பாதி தமிழும் பாதி கையுமாக. "ஓசில தமிழ் சொல்லித் தராங்களாம். அதுக்குத்தான் இந்த டெஸ்ட்டு."

உத்திரமேரூர் பக்கத்துச் செங்கல் சூளை. சாப்பாட்டு நேரம். கல்லூரியிலிருந்து வந்திருந்த ஸ்வேதா, வடக்கத்தித் தொழிலாளர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டு முடித்திருந்தாள். ராஜூதான் கடைசி.

அவனை பீகார்க்காரன் என்றுதான் ஓனர் நினைத்திருந்தார். பீகார்க்காரர்களிடம் அவன் ஒடிசா என்று சொல்லி வைத்திருந்தான். உண்மையில் அவன் தென்னேரி தாண்டவராயன். பெண்டாட்டி கண்ணகியைக் கிணற்றில் தள்ளிக் கொன்றுவிட்டு, தாடி வளர்த்துக்கொண்டு இங்கே வந்து ஒளிந்தவன். மும்பையில் லாரி கிளீனராக இருந்தபோது கற்ற அரைகுறை இந்தி கைகொடுத்தது. செங்கல் சுமக்கிற வடக்கத்தி ஆளின் முகத்தை நம்மில் யார் நின்று பார்க்கிறோம்?

'வலி... வழி' என்றது ஹெட்போன்.

இது தெரிந்ததாகக் காட்டிக்கொண்டால் தொலைந்தோம் என்று அவனுக்குப் புரிந்தது. நம்மூர் ஆட்களே வாயப்பயம் என்கிறபோது பீகார்க்காரனுக்கு இது எங்கே பிரியும்? ஒரு விரல் காட்டினான்.

'பல்லி... பள்ளி.' ஒரு விரல்.

'கொல்... கொள்.' கண்ணகி கடைசியாகக் கத்தியது காதுக்குள் கேட்டது. ஆனாலும் ஒரு விரல்தான்.

'கானா... கானா.' இதற்கு நடிக்கவே வேண்டியிருக்கவில்லை. நிம்மதியாக ஒரு விரலை நீட்டினான்.

ஸ்வேதா ஹெட்போனைக் கழற்றி வாங்கிக்கொண்டாள். "எல்லாத்துக்கும் ஒரே வெரல்தான். தமிழ்ச் சத்தம் ஒண்ணுகூட இவருக்குப் பிரியல மேஸ்திரி."

"விடும்மா, ஊருக்குப் புதுசு. போகப் போக கத்துக்கினு போறான்" என்று சிரித்தார் மணி.

தப்பித்தோம் என்று தாண்டவராயன் எழுந்தான். அவன் முதுகுக்குப் பின்னால் இரண்டு ஜோடி பூட்ஸ் சத்தம் வந்து நின்றது.

ஸ்வேதா அவன் கண்ணையே பார்த்தபடி தமிழில் பேசினாள்.

"கடைசியா வந்தது தமிழ் இல்ல, இந்தி. ஒண்ணு சோறு, இன்னொண்ணு ஒத்தக்கண்ணன். எனக்குமே ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்குது."

அவன் ஒன்றும் புரியாதவனைப் போல விழித்தான்.

"ஆனா இங்க கீற அத்தன பேரும் அதுக்கு ரெண்டு வெரல் காட்னாங்க. நீ மட்டும்தான் ஒண்ணு காட்ன, தாண்டவராயா."